நெருப்புக்குச்சியால நான் எடுத்த உண்ணி

முதல்லயே சொல்லிப்போடுறன், இந்தக் கதையில நல்ல அப்பா ஒருத்தரும் வரமாட்டார். என்ர மகள் செரினுக்கு ஏழு வயசு. போன வருசம் அவளுக்கு லைம் எண்ட வருத்தம் வந்து, முகம் ஒரு பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியில கிடந்தவள். இப்ப சுகம். கோயில்ல காணுற ஆக்கள் எல்லாரும் "எப்பிடி வந்தது" எண்டு கேக்கினம். நானும் "ஏதோ பூச்சி கடிச்சது" எண்டு தட்டிக் கழிச்சுக்கொண்டு திரிஞ்சன். அந்தத் தட்டிக் கழிக்கிற பழக்கம்தான் பிள்ளையைக் கட்டில்ல கிடத்தினது. அதால முழுசா எழுதுறன். வாசிச்சிட்டு என்னில அருவருப்பு வந்தா வரட்டும். எனக்கு என்னில வந்து கனகாலம்.

நாங்கள் மன்னார் ஆக்கள். நான் பதினொரு வருசம் பிரான்சில கிடந்து உழைச்சிட்டு, பிறகு குடும்பத்தோட லண்டன் ஸ்ட்ரெதமுக்கு வந்தனான். டைல்ஸ் பதிக்கிற வேலை. ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் எங்கட பங்கு ஆக்கள் கோச் பஸ் பிடிச்சு, நாட்டுப்புறத்தில இருக்கிற ஒரு மாதா கோயிலுக்குப் போறவை. பூசை முடிய, பின்னால இருக்கிற புல்வெளியில பழைய பெட்ஷீற்றை விரிச்சு, சோத்துப் பார்சலைப் பிரிச்சு, வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு சரிஞ்சு கிடப்பம். புல் பிள்ளையளின்ர முழங்காலுக்கு நிக்கும். அங்கால பற்றை, அதுக்கும் அங்கால மான் திரியிற காடு. பிள்ளையள் எல்லாம் அதுக்குள்ள பூந்து ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுங்கள். செரினுக்கு வெள்ளைச் சட்டை, வெறுங்கால். ஜெனிற்றா, என்ர மனுசி, நீளக் காற்சட்டை ஒண்டை பையில வைச்சவ. மாதாவிட்டப் போற பிள்ளை வடிவாப் போகவேணும் எண்டு நான்தான் வெளியில எடுத்துப் போட்டன்.

ரெண்டு நாளைக்குப் பிறகு பிள்ளையைக் குளிக்க வார்க்கேக்க ஜெனிற்றா கூப்பிட்டவ. "இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ. இடது முழங்காலுக்குப் பின்னால மச்சம் மாதிரி ஒண்டு. ஆனா இதுக்குக் கால் இருக்கு."

உண்ணி. மிளகு மாதிரி ஊதி, தலையைப் பிள்ளையின்ர தோலுக்குள்ள குத்தி வைச்சுக்கொண்டு, பின்பக்கத்தை மெல்ல ஆட்டிக்கொண்டு கிடந்தது. ரெண்டு நாளா என்ர பிள்ளையின்ர ரத்தத்தைக் குடிச்சிருக்குது.

ஊரில நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணி பிடிச்சா, நெருப்புக்குச்சியைக் கொளுத்தி, அணைச்சு, சூட்டோட அதின்ர முதுகில வைக்கிறது. தானாக் கழண்டு விழும். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான், அதைத்தான் செய்தன். சூடு பட்ட உடனே செரின் காலை இழுத்தவள். குச்சியின்ர தலை தோலில பட்டிட்டுது. பருப்பளவில ஒரு சூட்டுக் காயம். உண்ணி விழுந்தது. நான் அதைக் குளியலறை டைல்ஸில செருப்பால நசிச்சன், அது வெடிச்சு ரத்தம் சிந்திச்சு. நான் என்ர கையால பதிச்ச வெள்ளை டைல்ஸ். அது என்ர பிள்ளையின்ர ரத்தம். இப்பவும் அந்த இடத்தை மிதிக்க மனம் வராது.

பிறகு ஆஸ்பத்திரியில ஒரு நேர்ஸ் எனக்கு விளங்கப்படுத்தினவ. உண்ணியின்ர வயித்துக்குள்ளதான் அந்தக் கிருமி இருக்கிறது. எல்லா உண்ணியிலயும் இல்லை, சிலதில. அதைச் சுட்டாலோ, எண்ணெய் பூசினாலோ, விரலால நசுக்கினாலோ, அது அந்தரப்பட்டு வயித்தில கிடக்கிறதைக் கடிவாய்க்குள்ள சத்தி எடுத்துப்போடும். அதாவது, நான் அதின்ர சத்தியை என்ர பிள்ளையின்ர உடம்புக்குள்ள ஊத்த வைச்சிருக்கலாம். இதை வாசிக்கேக்க உங்களுக்கு ஓங்காளிச்சா, எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசியுங்கோ.

ஜெனிற்றா அலுமாரிக்குள்ள வைச்சிருந்த, ஊரில மடு மாதா கோயில்ல எடுத்த மண்ணை எடுத்து, தண்ணியில குழைச்சு, காயத்தில பூசினவ. பாம்புக்கடி, பூச்சிக்கடி எல்லாத்துக்கும் எங்கட ஆக்கள் அதைத்தான் தேடுறது. நான் மண்ணைக் குறை சொல்லமாட்டன். மண்ணைப் பூசிப்போட்டு டொக்டரிட்டப் பொய் சொல்லு எண்டு மாதா சொல்லேல்லை.

பொய் எப்பிடி வந்ததெண்டா, கோச்சில வரேக்க எங்கட பங்கில இருக்கிற ரூபன் அண்ணை ஒரு கதை சொன்னவர். ஆரோ ஒரு தமிழ்க் குடும்பத்தில பிள்ளைக்கு இஸ்திரிப்பெட்டி சுட்டதாம், ஸ்கூலில தழும்பைக் கண்டிட்டினமாம், சோஷல் சேர்விஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டுதாம். ஆர் அந்தக் குடும்பம், எந்த ஊர், ஒண்டும் அவருக்குத் தெரியாது. அதைப்பற்றி எனக்கும் கவலையில்லை. செரினின்ர காலில இருந்த அந்தப் பருப்பளவு காயத்தைப் பாக்கப் பாக்க எனக்கு அந்தக் கதைதான் ஓடினது.

"ஆரும் கேட்டா விழுந்தனான் எண்டு சொல்ல வேணும், சரியா?" எண்டன் பிள்ளைக்கு.

"ஆனா நான் விழேல்லையே அப்பா."

"அப்பா சொன்னா அப்பிடியே சொல்லு."

மூண்டு தரம் சொல்ல வைச்சன், செபம் பாடமாக்கிற மாதிரி. ஜெனிற்றாவுக்கு, "நீர் பேசாம இரும், ஸ்கூல் துவங்கினா காலை மூடுற தடிச்ச ரைற்ஸ் போட்டு அனுப்பும்" எண்டன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காயத்தைச் சுத்தி ஒரு வட்டம் வரத் தொடங்கினது. படத்தில காட்டுற மாதிரிச் செக்கச் செவேலெண்டு இல்லை. எங்கட நிறத்தில அது அப்பிடித் தெரியாதாம். அடிபட்டுக் கண்டின மாதிரி மங்கலா, ஊதா கலந்த ஒரு வட்டம். நாளுக்கு நாள் பெருத்து, தேத்தண்ணிச் சாசர் அளவுக்கு வந்தது. நடுவில கொஞ்சம் வெளிறல். சொறியிற கடியில்லை, நோவில்லை. நோகாததால நான் பயப்பிடேல்லை. சூட்டுக் காயம் பழுத்துப் போச்சுதாக்கும் எண்டு, இன்னும் கவனமா மறைச்சன்.

அந்த வட்டம்தான் இந்த வருத்தத்தின்ர முதல் அடையாளம். உண்ணி கடிச்சு ஒண்டில இருந்து நாலு கிழமைக்குள்ள கூடுதலா வரும், சில பேருக்குப் பிந்தியும் வரும். சில பிள்ளையளுக்கு வட்டமே வராது, காய்ச்சலும் களைப்பும் மட்டும் வரும். ஆனா வட்டம் வந்தா, டொக்டர் கண்ணால பாத்தாலே காணும், ரத்தம் சோதிக்கத் தேவையில்லை. வாயால குடிக்கிற அன்ரிபயோட்டிக் மருந்தைத் தருவினம். செரின் மாதிரிச் சின்னப் பிள்ளையளுக்கு அமொக்ஸிசிலின், மூண்டு கிழமைக்கு. அதோட கனபேருக்கு விசயம் முடிஞ்சுது. நான் ஒளிச்சு வைச்சது ஒரு குப்பி மருந்தோட முடிய வேண்டிய விசயத்தை.

செப்டெம்பர் நடுவில காய்ச்சல், தலையிடி, ஸ்கூலால வந்தா சப்பாத்தோடயே படுத்திடுவாள். எங்கட குடும்ப டொக்டர், ஜிபியிட்டக் கொண்டு போனம். இளம் பெண் டொக்டர் ஒராள், ஆறுதலாக் கேட்டவ. "நாட்டுப்புறத்துக்கு எங்கயும் போனீங்களா? ஏதும் கடிச்சதா? தோலில ஏதும் வந்ததா?"

மூண்டுக்கும் இல்லை எண்டன். ஜெனிற்றா நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தவ. செரின் ரைற்ஸோட கட்டில்ல இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வைரஸ் காய்ச்சலா இருக்கும், கூடினா உடனே வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினவ. எங்கட ஆக்கள் இஞ்சத்தை டொக்டர்மாருக்கு ஒண்டும் தெரியாது, பரசிட்டமோல் மட்டும்தான் தெரியும் எண்டு நக்கலடிக்கிறது. நானும் அடிச்சவன்தான். இந்த முறை எனக்கு அதுக்கு வாயில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை காலமை, செரின் பால் குடிக்கேக்க இடது கடைவாயால ஒழுகினது. நான் பகிடியாக்கும் எண்டு ஏசினன். அவள் என்னைப் பாத்துச் சிரிச்சவள். வலப்பக்கம் மட்டும் சிரிச்சது. இடப்பக்கக் கன்னம் தொங்கிப்போய், கண் மூடாமக் கிடந்தது.

"அப்பா, என்ர வாய் ஒரு பக்கம் லேஸியா இருக்கு" எண்டாள்.

பாரிசவாதம் எண்டுதான் நினைச்சன். காரில ஏத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினம்.

அந்தக் காத்திருக்கிற இடத்தை நான் மறக்கமாட்டன். நிலம் சப்பாத்தில ஒட்டிச்சு. கதிரைக்குக் கீழ ஆரோ திண்ட சிப்ஸ் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்தில ஒரு பெடியன் கடதாசிச் சட்டிக்குள்ள சத்தி எடுத்துக்கொண்டிருந்தான், எதிர்ல ஒரு மனுசன் ஸ்பீக்கரில வீடியோ போட்டுப் பெலத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பிள்ளை செரினின்ர முகத்தையே பாக்க, அவள் ஜக்கெற்றின்ர தொப்பியை இழுத்துப் பாதி முகத்தை மூடினவள். எல்லாத்தையும் பாத்து எனக்கு அரியண்டமாத்தான் இருந்தது. ஆனா அந்த அறையில இருந்ததிலயே பெரிய ஊத்தை என்ர வாய்க்குள்ள இருந்தது.

உள்ள கூப்பிட்டு, வயசான ஒரு பெண் டொக்டர் செரினைப் புருவம் தூக்கச் சொன்னவ, கண்ணை இறுக்கி மூடச் சொன்னவ, பல்லைக் காட்டச் சொன்னவ. பாரிசவாதம் இல்லை, முகத்தை அசைக்கிற நரம்பு வேலை செய்யேல்லை எண்டவ. பிறகு நாடியை நெஞ்சில முட்டச் சொல்ல, பிள்ளைக்குக் கழுத்து மடங்கேல்லை. டொக்டரின்ர முகம் மாறினது.

"பிள்ளையளுக்கு முகம் இப்பிடி விழுந்தா நாங்கள் உண்ணியைப் பற்றிக் கட்டாயம் கேப்பம். கோடையில புல், காடு எண்டு எங்கயும் போனவளா? உண்ணி ஏதும் கண்டனீங்களா?"

என்ர பிள்ளை பாதி முகத்தோட இருக்கிறாள். காரணத்தை அந்த மனுசி தன்ர வாயாலயே சொல்லிப்போட்டுது. நான் இல்லை எண்டன். பழகின வாய்க்கு வேற வேலை தெரியேல்லை.

ரத்தம் எடுத்தினம். முள்ளந்தண்டில, இடுப்புக்குக் கிட்ட, மெல்லிய ஊசி குத்தி, மூளையைச் சுத்தி ஓடுற தண்ணியில கொஞ்சம் எடுத்துப் பாக்க வேணும் எண்டினம். அதுக்கு முதல் உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் மட்டும் தோலைப் பாக்கவேணும் எண்டு டொக்டர் சொல்ல, நேர்ஸ் ரைற்ஸைக் கழட்டினவ. வட்டம் மங்கிப் போட்டுது. நடுவில அந்தச் சூட்டுத் தழும்பு மட்டும் வடிவாத் தெரிஞ்சது.

டொக்டர் என்னைக் கேக்கேல்லை. குனிஞ்சு பிள்ளையைக் கேட்டவ. "இது என்ன கண்ணா?"

செரின் என்னைப் பாத்தவள். அவள் டொக்டரின்ர பக்கம் திரும்பி, இழுபட்ட வாயால, சொல்லுச் சொல்லா, இங்கிலீசில, தான் விழுந்தனான் எண்டு சொன்னவள். "ஃபெல்" எண்டேக்க உதடு ஒட்டாம வீணி வடிஞ்சது. கைச் சட்டையால துடைச்சுப்போட்டு, சரியாச் சொன்னனா எண்டு திரும்பவும் என்னைப் பாத்தவள்.

அந்த நேரம் எனக்கு என்னில வந்த அருவருப்புக்கு ஒரு சொல்லுமில்லை. என்ர பொய்யை, வேலை செய்யாத வாயால, என்ர பிள்ளை காவுறாள்.

"அவள் விழேல்லை" எண்டன். "உண்ணி கடிச்சது. நான் சுட்டனான்." ஓகஸ்டில இருந்து எல்லாத்தையும் சொன்னன். டொக்டர் கத்தேல்லை. திகதியளைக் கேட்டு எழுதினவ. வட்டம் எவ்வளவு பெரிசு, எப்ப மறைஞ்சது எண்டு கேட்டவ. கடைசியா, "இப்ப சொன்னது பெரிய உதவி" எண்டவ. காறித் துப்பியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

முள்ளந்தண்டுத் தண்ணியில வெள்ளை அணுக்கள் கூட இருந்தது. கிருமி மூளையை மூடியிருக்கிற சவ்வு வரைக்கும் போயிட்டுது எண்டு அதுக்கு அர்த்தம். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை எண்டு அண்டைக்கே நரம்பால மருந்து ஏத்தத் தொடங்கிச்சினம். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுறதில்லை, கிருமியோட சண்டை பிடிக்க உடம்பு செய்யிற எதிர்ப்புச் சத்தைத் தேடுறது. உடம்பு அதைச் செய்யக் கிழமைக்கணக்கா எடுக்கும். அதால கடிச்ச உடனே சோதிச்சா இல்லை எண்டு வரலாம், அதை நம்பி இருக்கக்கூடாது. செரினுக்குப் பிறகு இருக்கு எண்டுதான் வந்தது. செஃப்ட்ரியாக்ஸோன் எண்ட மருந்து, நாளுக்கு ஒருக்கா, இருபத்தொரு நாள். முதல் ஆறு நாள் வார்டில. மிச்சத்துக்கு கையில குழாயோட வீட்டுக்கு விட்டவை, ஒவ்வொரு நாளும் கொண்டு போய் ஏத்தினம்.

தழும்பைப் பற்றிப் பிள்ளையள் பாதுகாப்புப் பகுதிக்கு அறிவிக்க வேணும், அது விதி எண்டு டொக்டர் முகத்துக்கு நேரவே சொன்னவ. நான் ஜெனிற்றாவிட்ட, "போச்சு, இனிப் பிள்ளையைத் தூக்கப்போறாங்கள்" எண்டன். பத்து வருசத்தில அவ என்னை ஒருநாளும் ஏசினதில்லை. அண்டைக்கு ஏசினவ. "பிள்ளையின்ர முகம் கோணிப்போய்க் கிடக்கு. உங்களுக்கு இன்னும் உங்கட பயம்தான் பெரிசு. உங்களைப் பாக்கவே எனக்கு அரியண்டமாக் கிடக்கு. நானும் வாய் பொத்திக்கொண்டு இருந்தனே, என்னையும்தான்."

மூண்டாம் நாள் ஒரு சோஷல் வேர்க்கர் வந்தவ. செரினோட தனியக் கதைச்சவ, ஜெனிற்றாவோட தனியக் கதைச்சவ, பிறகு என்னோட. நான் நெருப்புக்குச்சிக் கதையைச் சொல்ல, தங்கட வீட்டிலயும் நாய்க்கு அப்பிடித்தான் செய்தவை, இனிப் பிள்ளைக்குச் செய்யாதேங்கோ எண்டவ. அடுத்த கிழமை ஒரு போன் எடுத்து, இனித் தாங்கள் வரத் தேவையில்லை எண்டு சொன்னவ. அவ்வளவுதான். இந்த அரை மணித்தியாலக் கதைக்குப் பயந்துதான் நான் அந்தக் கிருமியை ஆறு கிழமை பிள்ளைக்குள்ள மேய விட்டனான்.

ரூபன் அண்ணை இடியப்பமும் சொதியும் கொண்டு வார்டுக்கு வந்தவர். செரினுக்கு வலப்பக்கத்தால உறிஞ்சிக் குடிக்க, வளைக்கிற ஸ்ட்ரோ ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தவர், அதை மறக்கக்கூடாது. போகேக்க என்ர காதுக்குள்ள, "தம்பி, உண்ணி எண்டு வெளியில சொல்லாத. வீடு துப்பரவில்லை எண்டு சனம் கதைக்கும்" எண்டவர். எனக்கு அந்த இடியப்பத்தைத் தூக்கி எறியவேணும் போல வந்தது. எறியேல்லை. பசியில திண்டன். ஜெர்மனியில இருந்து மச்சான் ஒருத்தன் வட்ஸ்அப்பில லிங்க் அனுப்பினவன், மாதக்கணக்கா மருந்து ஏத்தி ரத்தம் கழுவுற கிளினிக்காம். டொக்டரிட்டக் காட்டினன். இருபத்தொரு நாள் காணும், முகம் திரும்ப ஆறுதலாத்தான் வரும், அதுக்கு மருந்து கூட்டத் தேவையில்லை எண்டவ. பிள்ளை படுத்திருக்கேக்க அவளை வைச்சு யாவாரம் செய்ய எத்தினை பேர்.

படுக்கிற நேரம் செரினின்ர இடது கண் மூடாது. காயாம இருக்க மருந்து விட்டு, மெல்லிய ரேப் ஒட்டி விடவேணும். அதை ஜெனிற்றாதான் செய்தவ. என்னை ஒட்ட விட செரினுக்கு விருப்பமில்லை, கை நடுங்குதாம். நாலாம் கிழமை புருவம் கொஞ்சம் அசைஞ்சது. டிசெம்பரில, நத்தாருக்கு முதல், ரெண்டு பக்கமும் சிரிச்சவள்.

இந்த வருசமும் மாதாவிட்டப் போனம். பூசை முடிய, நான் மைக்கை வாங்கி, எல்லாருக்கும் முன்னால இதைச் சொன்னன். உண்ணி ஊத்தையில வாறதில்லை, புல்லில இருந்து ஏறுறது. பிள்ளையளுக்கு நீளக் காற்சட்டை போட்டு, நுனியைச் சொக்ஸுக்குள்ள விடுங்கோ. வெளிர் நிறம் எண்டா ஊருறது தெரியும். பூச்சி அண்டாத மருந்து பூசுங்கோ. வீட்டை வந்த உடனே உடுப்பைக் கழட்டி, முழங்காலுக்குப் பின்னால, கவட்டுக்குள்ள, கமக்கட்டுக்குள்ள, தொப்புளுக்குள்ள, காதுக்குப் பின்னால, தலைமயிருக்குள்ள எல்லாம் பாருங்கோ. சில உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கண்டா, மெல்லிய முனை ட்வீசரால தோலோட ஒட்டப் பிடிச்சு, நசுக்காம, நேர மேல இழுங்கோ. பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, கலண்டரில திகதியை எழுதுங்கோ. வட்டமோ, காய்ச்சலோ வந்தா, அந்தத் திகதியோட டொக்டரிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்கோ. கொஞ்சப் பேர் முகத்தைச் சுளிச்சினம். ரூபன் அண்ணை தன்ர பேத்தியின்ர காலைப் பிடிச்சுப் பாத்துக்கொண்டிருந்தவர்.

இதோட முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்சனான். போன மாதம் கடைசித் தரமாக் காட்டப் போனம். அதே டொக்டர். முகம் முழுசா வந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டவ. பிறகு செரினைக் கேட்டவ, தலை இடிக்கிறதா எண்டு. செரின் என்னைப் பாத்தவள். மூட்டு நோகுதா எண்டு கேட்டவ. திரும்பவும் என்னைப் பாத்திட்டுத்தான், இல்லை எண்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல என்ர முகம், பிறகுதான் பதில். டொக்டரும் அதைக் கண்டவ. பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தவ.

நான் எழும்பி வெளியில போய்க் கதவைச் சாத்தினன். கதவில ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. ஓரமா நிண்டு, அதால பாத்தன். டொக்டர் ஏதோ கேட்டவ. செரின் என்ர கதிரையைத் திரும்பிப் பாத்தவள். அதில ஒருத்தரும் இல்லை எண்டு கண்டவள். பிறகு கதைக்கத் தொடங்கினவள், கனநேரம் கதைச்சவள்.